தீக்குச்சி கப்பலேறுகிறது

கயத்தாற்றில் கடல் கிடையாது. கட்டபொம்மன் 1799-இல் தூக்கிலிடப்பட்ட இடம் உண்டு. வானளாவச் சுழலும் காற்றாலைகள் உண்டு. மழை பெய்தால் காலைக் கவ்விக்கொள்ளும் கரிசல் மண் உண்டு. கப்பலைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடிக்குத்தான் போக வேண்டும். ஆனாலும், கடலை ஒரு முறைகூடப் பார்த்திராத பாட்டி ஒருத்தி இவ்வூரில் அடைத்துக் கட்டிய தீப்பெட்டி, லண்டனில் எழுதப்பட்ட ஒரு கடல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்றால் நம்புவீர்களா?

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், கயத்தாறு வட்டாரத் தீப்பெட்டி ஆலைகளிலிருந்து வெளிநாட்டுக்குப் புறப்படும் கண்டெய்னர் லாரிகளைக் கவனித்துப் பாருங்கள். அவற்றில் சிலவற்றின் நான்கு பக்கங்களிலும் சாய்சதுர வடிவில் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். வெள்ளைப் பின்னணியில் செங்குத்தான சிவப்புக் கோடுகள், நடுவே ஒரு தீச்சுடர், அடிமூலையில் 4 என்ற எண். கூடவே நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கக்கூடும்: 1944. இதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த லாரியில் என்ன இருக்கிறது, தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும், எதன் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது என்பதெல்லாம் உடனே விளங்கிவிடும். அவர் தமிழரா, கிரேக்கரா, பிலிப்பைன்ஸ்காரரா என்பது ஒரு பொருட்டன்று.

சட்டம் போட்டவருக்குக் காவலர் இல்லை

கப்பல்களுக்கான பாதுகாப்பு விதிகளை வகுப்பது ஐக்கிய நாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்த சர்வதேசக் கடல்சார் நிறுவனம். தலைமையகம் லண்டனில். 1948-இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் உருவாகி, 1959-இல் பணி தொடங்கியது. இந்தியா அந்த ஆண்டிலேயே உறுப்பினராகிவிட்டது. இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உள்ளன.

இந்த நிறுவனத்துக்கு ஒரு கப்பல்கூடச் சொந்தமில்லை. காவல் படை இல்லை, நீதிமன்றம் இல்லை, சிறைச்சாலை இல்லை. நாடுகள் கூடிப் பேசி விதியை எழுதுகின்றன. எழுதி முடித்ததும் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடுகின்றனர். பிறகு அந்த விதியை நிறைவேற்றுவது யார்? ஒவ்வொரு நாட்டின் அரசும், அதன் அலுவலகங்களும்தான்.

அந்த விதிகளுள் முதன்மையானது ‘கடலில் மனித உயிர்ப் பாதுகாப்புக்கான உடன்படிக்கை’. சுருக்கமாக ‘சோலாஸ்’ என்பார்கள். இது பிறந்த கதை பலருக்கும் தெரியும். 1912 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. கப்பலில் சுமார் 2,200 பேர். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்குத்தான் இடம். ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. டைட்டானிக் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை! அன்றைய பிரிட்டிஷ் விதிப்படி 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு 16 படகுகள் போதும். டைட்டானிக்கில் 20 இருந்தன. கப்பல்கள் 10,000 டன்னைத் தாண்டி 46,000 டன்னாக வளர்ந்துவிட்டன; விதி மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

1914-இல் முதல் சோலாஸ் உடன்படிக்கை எழுதப்பட்டது. உலகப் போர் மூண்டதால் நடைமுறைக்கு வரவில்லை. பின்னர் 1929, 1948, 1960 என்று புதுப்பிக்கப்பட்டு, 1974-இல் எழுதப்பட்டதே இன்று வரை திருத்தங்களுடன் நடைமுறையில் இருக்கிறது. 1974-இல் ஒரு புத்திசாலித்தனமான மாற்றம் செய்தார்கள். அதற்கு முன்பெல்லாம் ஒரு திருத்தம் செல்லுபடியாக வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் ‘சரி’ என்று எழுதி அனுப்ப வேண்டும். யார் அனுப்புவார்கள்? கோப்புகள் மேசையிலேயே தூங்கின. 1960-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குச் செய்த திருத்தங்கள் ஒன்றுகூட நடைமுறைக்கு வரவில்லை. 1974-இல் இதைத் தலைகீழாக்கினார்கள். குறித்த நாளுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நாடுகள் ‘கூடாது’ என்று எழுதாவிட்டால் திருத்தம் தானாகவே செல்லுபடியாகும். மௌனம் சம்மதம் என்று நம்மூரில் சொல்கிறோமே, அதையே உலகச் சட்டமாக்கிவிட்டார்கள்!

தீப்பெட்டிக்குள் ஓர் இடைச்சுவர்

தீக்குச்சிக்குக் கப்பலில் ஏன் இத்தனை கெடுபிடி? இதற்கு விடை வேதியியலில் இருக்கிறது.

குச்சியின் தலையில் முக்கப்படும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு, கந்தகம், கண்ணாடித் தூள், பசை முதலியவை இருக்கின்றன. பொட்டாசியம் குளோரேட்டைச் சூடாக்கினால் ஆக்சிஜன் வெளிவரும் என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் பூசப்படும் மருந்திலோ சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. குச்சியை உரசும்போது உராய்வு வெப்பத்தில் மிக நுண்ணிய அளவு பாஸ்பரஸ் குளோரேட்டுடன் சேர்ந்து பற்றிக்கொள்கிறது, அந்த வெப்பத்தில் குளோரேட்டு ஆக்சிஜனைக் கக்குகிறது, கந்தகம் எரிகிறது, பிறகு மரக்குச்சி.

பாஸ்பரசையும் குளோரேட்டையும் ஒரே தலையில் கலந்து வைத்தால் சிறு உரசலுக்கே வெடித்துவிடும். அதனால் ஒன்றைக் குச்சியிலும் மற்றதைப் பெட்டியிலும் வைத்தார்கள். 1844-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலார் குஸ்டாஃப் எரிக் பாஷ் இந்த முறைக்கு உரிமம் பெற்றார். ‘பாதுகாப்புத் தீக்குச்சி’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பகைவர் இருவரையும் பிரித்து வை என்பதே அதன் தத்துவம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலிலும் இதே தத்துவம் வரப்போகிறது.

பழைய தீக்குச்சிகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அந்த ஆலைகளில் வேலை செய்தவர்களின் தாடை எலும்பு அழுகியது. 1906-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி அதைத் தடை செய்ய உடன்பட்டன. இந்தியாவில் 1913-இல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1920-களில். எங்கோ பெர்னில் பேசியது இங்கே சட்டமாகி, பத்தாண்டுகளுக்குப் பின் கரிசல் காட்டுத் தொழிலாளரின் தாடையைக் காத்தது.

கோவில்பட்டிக் கணக்கில் ஒரு பண்டல் என்பது 600 தீப்பெட்டி. பெட்டிக்கு 50 குச்சி என்றால் 30,000 குச்சிகள். ஒரு சரக்குப் பெட்டகத்தில் ஆயிரம் பண்டல் ஏற்றினால் 3 கோடிக் குச்சிகள் ஆகின்றன. ஒவ்வொரு தலையும் தன் ஆக்சிஜனைத் தானே சுமந்து செல்வது. சாதாரண நெருப்பைக் காற்றுப் புகாமல் அடைத்து அணைக்கலாம்; இதை அப்படி மட்டும் அணைத்துவிட முடியாது. கரையில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வரும். நடுக்கடலில் கப்பலில் இருக்கும் 20, 25 பேர்தான் தீயணைப்புப் படை.

பம்பாய், 1944

தவறாக அடுக்கிய சரக்கு என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1944 ஏப்ரல் 14. ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பல் பம்பாய் விக்டோரியா துறையில் கட்டப்பட்டிருந்தது. போர்க்காலம். கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள். தங்கக் கட்டிகளும் இருந்தன. வழியில் கராச்சியில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளையும் ஏற்றிக்கொண்டது. பஞ்சும் வெடிபொருளும் ஒரே சரக்கறையில்!

பஞ்சு நம் கரிசல் காட்டுப் பிள்ளை. அதன் குணம் நமக்குத் தெரியும். வெளியே கரிந்தது தெரியாமல் பொதியின் உள்ளே கங்கு மணிக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். அன்று மதியம் புகை தென்பட்டது. தண்ணீர் பாய்ச்சினார்கள். பிடி கொடுக்கவில்லை. மாலை 4 மணிக்குச் சற்றுப் பிறகு கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்துக்குள் மீண்டும் வெடித்தது. நெடுந்தொலைவில் சிம்லாவில் இருந்த நிலநடுக்கமானியே அதைப் பதிவு செய்ததாம். இறந்தோர் தொகையை 800 முதல் 1,300 வரை பலவாறு கூறுகின்றனர். அவர்களுள் தீயை அணைக்கச் சென்ற வீரர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். ஏப்ரல் 14-ஐ நம் தீயணைப்பு நிலையங்கள் தீத்தொண்டு நாளாகக் கடைப்பிடிப்பது அவர்கள் நினைவாகத்தான்.

பாதுகாப்புத் தீக்குச்சியின் எண்ணும் 1944, பம்பாய் வெடித்த ஆண்டும் 1944. இது தற்செயலே, நினைவில் வைத்துக்கொள்ள உதவும் என்பதற்காகச் சொன்னேன்.

எண்களின் புத்தகம்

இத்தகைய விபத்துகளிலிருந்து கற்றதை எல்லாம் தொகுத்து 1965-இல் சர்வதேசக் கடல்சார் நிறுவனம் ஒரு நூலை ஏற்றது: ‘கடல்வழி ஆபத்தான சரக்குகளுக்கான விதித்தொகுப்பு’. முதலில் அது அறிவுரையாகத்தான் இருந்தது. 2004 ஜனவரி 1 முதல் சோலாசின் வழியாகக் கட்டாயமாயிற்று. இரண்டாண்டுக்கு ஒரு முறை திருத்தப்படுகிறது.

இந்நூல் ஆபத்தான பொருள்களை 9 வகுப்புகளாகப் பிரிக்கிறது. வெடிபொருள் 1, வாயு 2, எரியும் திரவம் 3, எரியும் திண்மம் 4, ஆக்சிஜன் தருவது 5, நஞ்சும் நோய்க்கிருமியும் 6, கதிரியக்கப் பொருள் 7, அரிப்பது 8, ஏனையவை 9. தீக்குச்சி 4-ஆம் வகுப்பில் முதற்பிரிவு. பாதுகாப்புத் தீக்குச்சிக்கு எண் 1944. எங்கு உரசினாலும் பற்றும் குச்சிக்கு எண் 1331. அதே வகுப்புதான், ஆனால் ஆள் வேறு. இந்த எண்களை வழங்குவது ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு; ஆதலால் கப்பலுக்கும் விமானத்துக்கும் லாரிக்கும் ஒரே எண்.

நூலின் இதயம் என்று நான் சொல்லக்கூடியது ஒரு கட்டம். பெருக்கல் வாய்ப்பாடு போன்றது. மேலே வகுப்புகள், பக்கவாட்டில் வகுப்புகள். குறுக்கே சந்திக்கும் இடத்தில் ஓர் எண். 1 என்றால் விலக்கி வை. 2 என்றால் பிரித்து வை. 3 என்றால் நடுவே ஒரு முழு அறையின் தடுப்பு வேண்டும். 4 என்றால் கப்பலின் நீளவாக்கில் இடையே ஒரு முழுச் சரக்கறையையே விட்டு வை. தீக்குச்சிக்கும் ஆக்சிஜன் தரும் பொருளுக்கும் 1. தீக்குச்சிக்கும் கடும் வெடிபொருளுக்கும் 4. இந்த ஒரு கட்டம் 1944-இல் பம்பாயில் கடைப்பிடிக்கப்பட்டிருந்தால்!

லண்டனிலிருந்து கோவில்பட்டிக்கு

உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டதாலேயே அது இங்கே சட்டமாகிவிடாது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அரசியலமைப்பின் 253-ஆவது பிரிவு அதற்கு அதிகாரம் தருகிறது. 1958-இல் வணிகக் கப்பல் சட்டம் வந்தது. அது எத்தனையோ முறை திருத்தப்பட்டு, கடைசியில் 2025-இல் நாடாளுமன்றம் அதற்கு மாற்றாகப் புதிய வணிகக் கப்பல் சட்டத்தையே நிறைவேற்றிவிட்டது. சட்டத்தின்கீழ் விதிகள், விதிகளின்கீழ் சுற்றறிக்கைகள். பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல் மடை என்று குளத்து நீர் இறங்குவது போல.

மடைகளைத் திறந்து மூடும் பொறுப்பு 1949-இல் பம்பாயில் நிறுவப்பட்ட கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு. அதன் கை கால்களாக இருப்பவை துறைமுக நகரங்களில் உள்ள வணிகக் கடல்துறை அலுவலகங்கள். சென்னையில் உண்டு, தூத்துக்குடியிலும் உண்டு. அங்குள்ள சர்வேயர்கள் மேசையில் மட்டும் வேலை செய்பவர்கள் அல்லர். இவர்களுள் பலர் முன்னர் கப்பலில் கேப்டனாகவோ தலைமைப் பொறியாளராகவோ இருந்தவர்கள். கப்பலின் உடற்கட்டை வகைப்படுத்திச் சோதிக்கும் தொழில்நுட்ப வேலைகளில் ஒரு பகுதியை 1975-இல் தொடங்கப்பட்ட இந்தியக் கப்பல் பதிவகம் போன்ற அமைப்புகளிடம் அரசு ஒப்படைக்கிறது. வேலையைத்தான் ஒப்படைக்கலாம், பொறுப்பு அரசினுடையதே.

நம் தீப்பெட்டிக்கு வருவோம். அதை அடைக்கும் நெளி அட்டைப் பெட்டி, அதாவது கார்ட்டன், கப்பலுக்குத் தகுதியானதா என்று யார் சொல்வது? அந்தப் பணி 1966-இல் தொடங்கிய இந்தியப் பேக்கேஜிங் நிறுவனத்திடம் இருக்கிறது. சென்னையில் அதற்கு ஒரு சோதனைக்கூடம் உண்டு. அங்கே நடப்பதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். பெட்டியைத் தூக்கிக் கீழே போடுகிறார்கள்!

ஆனால் கண்டபடி அன்று. முதலில் பெட்டியை 23 டிகிரி வெப்பநிலையில், 50 விழுக்காடு ஈரப்பதத்தில் ஒரு நாள் வைக்கிறார்கள். அட்டை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கூடினால் வலு குறையும். கோவில்பட்டியின் வறண்ட காற்றில் விறைப்பாக நிற்கும் பெட்டி கடற்காற்றில் தொய்ந்துபோகும். இந்த வறட்சிதான் தீப்பெட்டித் தொழிலை இங்கே வாழவைத்தது. அதுவே பெட்டியைப் பற்றி நம்மை ஏமாற்றவும் கூடும். ஆகவே எல்லோருக்கும் பொதுவான ஒரு நிலை. பிறகு ஐந்து பெட்டிகளை எடுத்து, அடிப்புறம், மேற்புறம், நீளப் பக்கம், குறுகிய பக்கம், மூலை என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகப் போடுகிறார்கள். உயரம் எவ்வளவு? ஆபத்து மிகுந்த சரக்கு என்றால் 1.8 மீட்டர், நடுத்தரம் 1.2 மீட்டர்; தீக்குச்சி போன்ற மூன்றாம் நிலைச் சரக்குக்கு 0.8 மீட்டர்.

0.8 மீட்டரிலிருந்து விழும் பெட்டி தரையைத் தொடும்போது அதன் வேகம் என்ன? உங்கள் இயற்பியல் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு, 9.8, 0.8 மூன்றையும் பெருக்கினால் 15.68, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4. நொடிக்கு 4 மீட்டர். லாரியிலிருந்து இறக்கும் ஒருவர் கை நழுவினால் பெட்டி எப்படி விழுமோ ஏறக்குறைய அப்படி. எடை கூடினாலும் இந்த வேகம் மாறாது. ஆனால் மோதும் ஆற்றல் எடைக்கு ஏற்பக் கூடும். அதனால் தீக்குச்சிக்கான அட்டைப் பெட்டி எடை 30 கிலோவைத் தாண்டக் கூடாது என்று நூல் வரம்பு கட்டுகிறது.

அடுத்தது அடுக்குச் சோதனை. கப்பலில் பெட்டி மேல் பெட்டியாக 3 மீட்டர் உயரம் அடுக்கினால் அடிப்பெட்டி தாங்க வேண்டும். பெட்டியின் உயரம் 30 செ.மீ., எடை 25 கிலோ என்று கொள்ளுங்கள். 3 மீட்டருக்குப் பத்துப் பெட்டிகள். அடிப்பெட்டியின் தலையில் ஒன்பது. அதாவது 225 கிலோ. இந்தச் சுமையுடன் 24 மணி நேரம் நிற்க வேண்டும். பிறகு அட்டை எவ்வளவு தண்ணீர் உறிஞ்சுகிறது என்றும் பார்க்கிறார்கள். அரை மணி நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 155 கிராமுக்கு மேல் கூடாது.

தேறிய வகைப் பெட்டியில் ஒரு வட்டத்துக்குள் ‘யு’ மேலும் ‘என்’ கீழுமாக முத்திரை அச்சிடப்படும். பக்கத்தில் 4ஜி என்றிருந்தால், 4 என்பது பெட்டி, ஜி என்பது அட்டை. அதையடுத்து, தாங்கும் எடை, செய்த ஆண்டு, இந்தியாவைக் குறிக்கும் எழுத்துகள், செய்தவர் அடையாளம். 25 கிலோவுக்கு மிகாத தீக்குச்சிப் பெட்டிகளுக்கு நூலில் சில தளர்வுகள் உண்டு. ஆனால் தேறிய பெட்டியும் அடையாளக் குறியும் அந்தத் தளர்வில் சேர்ந்தவை அல்ல.

ஒரு கையெழுத்தின் எடை

பெட்டி தேறிவிட்டது. இனித் தாள். சரக்கை அனுப்புபவர் ஓர் அறிவிப்பில் கையெழுத்திட வேண்டும்: எண் 1944, தீக்குச்சி, பாதுகாப்பு வகை, வகுப்பு 4.1, இத்தனை பெட்டி, இத்தனை கிலோ. பெட்டகத்தில் அடுக்கியவர் ஒழுங்காக அடுக்கினேன் என்று தனிச் சான்று தர வேண்டும். இவற்றைப் பார்த்துத்தான் கப்பல் கம்பெனி எந்தப் பெட்டகத்தை எங்கே வைப்பது என்று வரைபடம் போடுகிறது. யாரும் பெட்டகத்தைத் திறந்து பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் திறந்து பார்க்க நேரமும் இல்லை. கப்பலில் தூங்கும் மாலுமியின் உயிர், அவர் கண்ணால் காணாத ஓர் எழுத்தரின் கையெழுத்தை நம்பித்தான் இருக்கிறது.

சிலர் பொய் எழுதுகிறார்கள். ஆபத்தான சரக்கு என்றால் கட்டணம் கூடுதல், கெடுபிடி கூடுதல். 2019 மே மாதம் தாய்லாந்தின் லேம் சபாங் துறைமுகத்தில் ‘கேஎம்டிசி ஹாங்காங்’ என்ற கப்பலில் தீப்பிடித்து வெடித்தது. பொம்மைகள் என்று எழுதிக் கொடுத்த பெட்டகங்களில் வெளுப்புத் தூளைச் சேர்ந்த கால்சியம் ஹைப்போகுளோரைட்டு இருந்ததாகத் துறைமுக அதிகாரிகள் கூறினர். நூற்றுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற வேண்டியதாயிற்று.

எடையிலும் பொய் உண்டு. கனமான பெட்டகங்களை இலேசானவை என்று நம்பி மேலே அடுக்கினால் கப்பலின் புவியீர்ப்பு மையம் உயர்ந்து, அது தள்ளாடும். அதனால் 2016 ஜூலை 1 முதல், எடை போட்டுச் சரிபார்த்த சான்று இல்லாமல் எந்தப் பெட்டகத்தையும் கப்பலில் ஏற்றக் கூடாது என்று சோலாஸ் திருத்தப்பட்டது. விதி பிறந்த இடம் லண்டன். அது நிறைவேறும் இடமோ தூத்துக்குடிப் பக்கம் ஓர் எடை மேடை!

அந்நியக் கொடி பறந்தாலும்

இந்தியக் கொடி பறக்கும் கப்பலை இந்தியா சோதிக்கலாம். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வரும் பனாமா, லைபீரியாக் கொடிக் கப்பல்களை? முதற்பொறுப்பு கொடிக்குரிய நாட்டுக்கு. ஆனால் எல்லா நாடுகளும் ஒரே கண்டிப்புடன் இருப்பதில்லை. அதனால் துறைமுகத்துக்குரிய நாடும் ஏறிப் பார்க்கலாம் என்று உடன்படிக்கை இடம் தருகிறது. நம் சர்வேயர் ஏறுவார். சான்றிதழ் பார்ப்பார், உயிர்காப்புப் படகை இறக்கிக் காட்டச் சொல்வார், தீயணைப்புப் பம்பை ஓட்டச் சொல்வார். சான்றிதழ் சரியாக இருந்து பம்பு ஓடாவிட்டால் கப்பல் நிற்க வேண்டியதுதான். குறை நீங்கிய பின்னரே புறப்படலாம். கப்பலை ஒரு நாள் நிறுத்தி வைத்தால் உரிமையாளருக்கு எவ்வளவு நஷ்டம் என்று எண்ணிப் பாருங்கள். காவலர் இல்லாத சட்டத்துக்குப் பல் முளைப்பது இங்கேதான்.

ஒரு துறைமுகத்தில் பிடிபட்ட கப்பல் அடுத்த துறைமுகத்தில் தப்பிவிடக் கூடாதல்லவா? அதற்காக இந்தியப் பெருங்கடல் நாடுகள் 1998-இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1999 ஏப்ரல் முதல் சோதனை முடிவுகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அதன் செயலகம் கோவாவில் இருக்கிறது.

இத்தனையும் இருந்தும் விபத்து நேரவே செய்கிறது. 2025 மே 25 அன்று லைபீரியக் கொடி பறந்த ‘எம்எஸ்சி எல்சா 3’ கப்பல் கொச்சிக்கு அருகே மூழ்கியது. 24 பேரையும் நம் கடலோரக் காவல்படையும் கடற்படையும் மீட்டுவிட்டன. கப்பலில் 640 பெட்டகங்கள். 13-இல் ஆபத்தான சரக்கு. அவற்றுள் 12-இல் கால்சியம் கார்பைடு. வெல்டிங் பட்டறைகளில் பார்த்திருப்பீர்களே, அந்தக் கார்பைடு கல்தான். தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு கிளம்பும். அதனால்தான் அதை ‘ஈரமானால் ஆபத்து’ என்ற நீல வில்லையுடன் 4-ஆம் வகுப்பின் மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறார்கள். பெட்டகங்கள் கேரளக் கரையில் ஒதுங்கின. பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்தன. எந்தெந்தப் பெட்டகத்தில் என்ன என்ற பட்டியல் கையில் இருந்ததால், ஒதுங்கியவற்றைத் தொடாதீர்கள், விலகி நில்லுங்கள் என்று கரையோர மக்களை உடனே எச்சரிக்க முடிந்தது.

இங்கே ஒரு சிறு விதியைச் சொல்லத் தோன்றுகிறது. சரக்குப் பொதியின் மேல் ஒட்டும் அடையாளம், கடல் நீரில் மூன்று மாதம் கிடந்தாலும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்று விதித்தொகுப்பு கூறுகிறது. கப்பல் மூழ்கிய பிறகும் அந்த வில்லைக்கு வேலை இருக்கிறது. கரையில் அதைக் கண்டெடுக்கும் மீனவருக்காக எழுதப்பட்ட விதி அது.

நாடுகள் தம் கடமையைச் செய்கின்றனவா என்று யார் பார்ப்பது என்று நீங்கள் கேட்கலாம். 2016 ஜனவரி முதல் அதற்கும் கட்டாயத் தணிக்கை வந்துவிட்டது. பிற நாடுகளைச் சேர்ந்த தணிக்கையாளர்கள் வந்து, சட்டம் இயற்றினாயா, சர்வேயருக்குப் பயிற்சி கொடுத்தாயா, விபத்தை விசாரித்தாயா என்று கேட்கிறார்கள். பள்ளிக்கு ஆய்வாளர் வருவது போலத்தான்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. கயத்தாறு நாற்கரச் சாலையை ஒட்டிப் பாதுகாப்பான இடத்தில் அரை மணி நேரம் நின்று, போகும் டேங்கர் லாரிகளையும் கண்டெய்னர்களையும் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 1203 என்றால் பெட்ரோல். 1202 டீசல். 1075 சமையல் வாயு. 2031 நைட்ரிக் அமிலம். ஒரே சரக்கு 4,000 கிலோவுக்கு மேல் இருக்கும் பெட்டகமாக இருந்தால் அதற்கும் எண் எழுதியிருக்க வேண்டும். 1944 கண்ணில் பட்டால், அது அடுத்த தெருவில் அடைத்த சரக்காகவும் இருக்கலாம்.